வெளிநாட்டுப் பிளாஸ்டர்

பழையதை உரித்தபோது கையிலிருந்த நாலு மயிரும் சேர்ந்து வந்தது. அழகையா பல்லைக் கடித்துக்கொண்டு அதை இரண்டாக மடித்து, எரிகிற அடுப்புக்குள் போட்டார். புஜத்தில் சதுரமாக ஒரு தடம், ஓரமெல்லாம் சிவந்து கிடந்தது. புதியதை மற்றக் கையில் ஒட்டி, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, பத்து மூச்சு இழுக்கிற நேரம் அப்படியே நின்றார். ஜீவராணி அப்படித்தான் சொல்லியிருந்தாள். "ஒட்டுன ஒடனே ஓடாதீங்க. கைய வெச்சு அமுத்திப் புடிச்சிக்கிட்டு நில்லுங்க. நேத்து ஒட்டுன எடத்துல இன்னிக்கு ஒட்டக்கூடாது." போனில் பதிந்து வந்த அந்தக் குரலை எத்தனை தடவை போட்டுக் கேட்டாரோ, அவள் மூச்சு வாங்குகிற இடம்கூட அவருக்கு மனப்பாடம். இன்றைக்குப் பதினோராவது நாள், திங்கட்கிழமை. சொந்தக் கையைச் சொந்தக் கையால் பிடித்துக்கொண்டு நிற்கிற மனுசனைப் பார்க்க அந்த ஒற்றை அறைக் காம்பராவில் அடுப்பைத் தவிர வேறு ஆளில்லை.

மனைவி ஜீவராணி குவைத்துக்குப் போய் ஏழு வருசம். நடுவில் ஒரு தடவை மகள் கல்யாணத்துக்கு வந்தாள், இருபது நாள் நின்றாள், போய்விட்டாள். மகள் பெரகலையில், மாமியார் வீட்டோடு. மகன் அஜந்தன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை; தீபாவளிக்கு வருவான், வந்தால் போனைப் பார்த்தபடியே படுத்துக் கிடந்துவிட்டுப் போவான். மிச்ச நாளெல்லாம் மடுல்சீமைக்கு மேலே, மூடுபனி இறங்கினால் வாசல் தெரியாத அந்தத் தோட்டத்து லயத்தில், அழகையாவும் பீடியும்தான். கண் திறந்ததும் ஒன்று. காலையில் ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போகிற வழியில் ஒன்று. சோறு தின்றால் ஒன்று, தின்னப் பிடிக்காவிட்டால் இரண்டு. ஜீவராணியோடு சண்டை போட வேண்டும் போல இருந்தால் அதற்கும் ஒன்று. பேச ஆளில்லாத வாய்க்கு அது ஒரு வேலை.

ஜீவராணி வேலை செய்யும் வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். சிகரெட் குடித்து நெஞ்சு கெட்டு, நாலு வருசம் படுக்கையில் கிடந்தார். கழுவித் துடைத்து, திருப்பிப் படுக்க வைத்து, எல்லாம் ஜீவராணிதான். போன நோன்பு மாதத்தில் அவர் செத்துப்போனார். அதற்குப் பிறகு அவள் அனுப்பிய பேச்சில் அழுகை இல்லை. அழுதிருந்தால் அழகையாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நாலு வருசமா அந்தாள நான்தான் தூக்கி ஒக்கார வெச்சேன். மூக்குல குழாய மாட்டிக்கிட்டு, கரையில போட்ட மீனு மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடுவாரு. ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒங்க மூஞ்சிதான் தெரிஞ்சிச்சு. இன்னொருக்கா அதப் பாக்க எனக்குத் தெம்பு இல்லீங்க. நீங்க பீடிய விட்டுட்டா நான் தையில வந்துர்றேன். விடலேன்னா இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டு இங்கனயே கெடக்குறேன். ரெண்டுல எதுன்னாலும் சரி. பொய் மட்டும் சொல்லாதீங்க."

குவைத்திலிருந்து பசறைக்காரி ஒருத்தி ஊருக்கு வந்தபோது அவளிடம் ஒரு பொதி கொடுத்தனுப்பியிருந்தாள். சவர்க்காரம், தைலம், பால்மா. எல்லாவற்றுக்கும் அடியில் மூன்று பெட்டி பிளாஸ்டர். மேலே எழுத்தெல்லாம் அரபியும் இங்கிலீசும். நாற்பது வயதுக்கு மேல், கோயில் மண்டபத்து வகுப்பில் பிள்ளைகளின் சிலேட்டை இரவல் வாங்கி அவர் கற்றுக்கொண்ட தமிழெழுத்தில் ஒன்றுகூட அந்தப் பெட்டியில் இல்லை. டவுனில் போனுக்கு ரீலோட் போட்டுக் கொடுக்கும் நிஸாமிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

"அரபிதானே தம்பி, நீங்க வாசிப்பீங்கல்ல?"

"ஓதச் சொன்னா ஓதிக் காட்டுவேன் அழகையாண்ணே. விளங்க ஏலாது." நிஸாம் பெட்டியைத் திருப்பி இங்கிலீசுப் பக்கத்தை வாசித்தான். வாசித்துவிட்டுச் சிரித்தான். "பீடில இரிக்கிற சாமான்தான் இதிலயும் இரிக்கி. பொக மட்டும் இல்ல. தோலால கொஞ்சங் கொஞ்சமா உள்ளுக்குப் போகுமாம், அப்ப பீடி கேக்காதாம். பெரிசுல தொடங்கிச் சின்னதுக்கு எறங்கணும். இத ஒட்டிட்டுப் பீடியும் குடிச்சிராதீங்க, தலைய சுத்தும்."

"யாருக்கும் சொல்லிறாதீங்க தம்பி."

"சாராயமா வாங்கிட்டுப் போறீங்க, ஒளிக்கிறதுக்கு?"

ஒளித்தார். கவ்வாத்து வேலையில் அவரோடு பத்துப் பேர். வயதான தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுகிற வேலை. கத்தி வீசும்போது பேச முடியாது, பேசினால் கை போய்விடும். தேத்தண்ணி நேரத்தில்தான் மழைத்தண்ணி ஓடுகிற கான் ஓரமாக எல்லாரும் குந்துவார்கள். ஒருத்தன் குச்சி கிழித்துப் பற்ற வைப்பான், அவன் பீடியிலிருந்து அடுத்தவன், அவனிடமிருந்து அடுத்தவன். ஒரே குச்சியில் பதினொரு பீடி. நெருப்பு வாங்கக் குனிகிற அந்த நேரத்தில்தான் ஒவ்வொருத்தன் வீட்டுக் கதையும் வெளியே வரும். மகன் படிப்பை விட்டது, கூரைத் தகரம் பறந்தது, மருமகள் கோபித்துக்கொண்டு போனது. பிளாஸ்டர் ஒட்டத் தொடங்கிய நாளிலிருந்து அழகையா வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு மேல் கானில் தனியாகக் குந்தினார். கீழேயிருந்து புகையும் சிரிப்பும் வரும். ஏன் அங்கே போய் இருக்கிறாய் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. பீடி கேட்டு அரித்த உடம்பைப் பிளாஸ்டர் ஒருமாதிரி அடக்கிவிட்டது. இதை அடக்க அந்தப் பெட்டியில் ஒன்றுமில்லை.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் திடீரென்று மழை கொட்டியது. நனைந்த சட்டையைக் கழற்றிப் பிழிந்தபோது சின்னராசா பார்த்துவிட்டான். அவரோடு ஒரே நாளில் தோட்டத்தில் பேர் பதிந்து, முப்பது வருசமாக ஒரே வரிசையில் கத்தி பிடிக்கிறவன்.

"என்னா மச்சான் கையில? ஊசி போட்டியா?"

"தோள்பட்ட வலி. ஊட்டுக்காரி அனுப்புனா."

"வெளிநாட்டுப் பிளாஸ்டரா! அதான் தனியாப் போயி ஒக்காந்துக்கிட்டியா, நாங்க புடுங்கிக்குவோம்னு?"

பத்துப் பேரும் சிரித்தார்கள். அழகையாவும் சிரித்தார். பீடியை விடப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் கேலி பண்ணுவார்கள், அது ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் தோற்றுப்போய், நெருப்புக் கேட்டுக்கொண்டு அவர்கள் முன்னால் போய் நிற்க வேண்டி வந்தால்? அந்தப் பயம்தான் தோள்பட்டை வலியாக வாயில் வந்தது.

லயத்தில் வெளிநாட்டுப் பொதி ஒரு வீட்டுக்கு மட்டும் வந்ததாகச் சரித்திரம் இல்லை. சவர்க்காரத்தைக் கத்தியால் துண்டு போட்டாவது, தைலத்தைச் சின்னப் போத்தலில் ஊற்றியாவது, பத்துக் காம்பராவுக்கும் போக வேண்டும். கொடுக்காதவன் வீட்டில் நல்லது கெட்டது நடக்கும்போது வந்து நிற்கிற ஆளை வைத்து அது தெரிந்துவிடும். எனவே சாயங்காலம் பக்கத்துக் காம்பரா பெரியாயி வாசலில் வந்து நின்றபோது அழகையாவுக்கு எதற்கென்று விளங்கியது. அறுபதை நெருங்குகிறாள், இன்னும் கூடை கட்டிக் கொழுந்து பறிக்கப் போகிறாள். ஜீவராணி போன நாளிலிருந்து, சுவருக்கு அந்தப் பக்கம் என்ன குழம்பு கொதித்தாலும் ஒரு கிண்ணம் இந்தப் பக்கம் வரும்.

"சின்னராசா சொன்னான். தோள்பட்டைக்கு என்னமோ ஒட்டுறியாமே. எனக்குக் கூடைக் கயிறு இழுத்து இழுத்துக் கழுத்துலருந்து முதுகு வரைக்கும் தீயா எரியுதுடா."

"அது ஒங்களுக்கு ஒத்துவராதுக்கா."

"ஏன், வெளிநாட்டு மருந்து கொழுந்துக்காரிக்கு ஒத்துவராதாமா? ராணி இருந்திருந்தா இந்நேரம் அவளே கொண்டாந்து ஒட்டி விட்டிருப்பா."

அந்தப் பேச்சுக்கு மேல் நிற்க அவரால் முடியவில்லை. பெட்டிக்குள் கை போனது. இப்போது உண்மையைச் சொன்னால் மத்தியானம் சொன்னது பொய்யென்று ஆகும். பீடியில் இருப்பதுதானே இதிலும் இருக்கிறது, விசமா என்ன? ஒரு நாளைக்கு ஒரு கட்டுப் பீடி ஊதிய நானே கல்லு மாதிரி நிற்கிறேன், ஒரே ஒரு துண்டு இவளை என்ன செய்துவிடும்? அப்படித் தனக்குள் சொல்லிக்கொண்டார். பெரியதில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பெரியாயி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "வாசமே இல்லியே" என்று சந்தேகப்பட்டுக்கொண்டு, முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

மறுநாள் மத்தியானத்துக்குக் கொஞ்சம் முந்தி எதிர்ச்சரிவில் பெண்கள் கத்துகிற சத்தம் கேட்டது. கத்திகள் நின்றன. யாரோ கைகளை வாய்க்கு இருபுறமும் குவித்து இங்கிருந்து கூப்பிட்டார்கள். அங்கிருந்து பதில் வந்தது.

"பெரியாயி விழுந்துட்டா! வாந்தியா எடுக்குறா!"

"பிரசராத்தான் இருக்கும்," என்றான் சின்னராசா. "காலையில வெறும் வயித்தோட வந்திருப்பா."

அழகையா கத்தியைச் செடிக்குள் போட்டுவிட்டு இறங்கினார். முதலில் நடந்தார், பிறகு ஓடினார். வெட்டிப் போட்ட மிலாறுக் குச்சிகள் காலைக் கிழித்தன. கொழுந்து லொறியில் படங்குச் சாக்கை விரித்து அவளைக் கிடத்தி டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவர் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள், கங்காணி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே பெரியாயி வெளிறிப்போய், முகமெல்லாம் வேர்த்துக் கிடந்தாள். என்ன தின்றாள், என்ன குடித்தாள் என்று டிஸ்பென்சரி ஐயா அவள் மருமகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, அக்காவோட முதுகுல ஒரு பிளாஸ்டர் இருக்கும். அத மொதல்ல உரிங்க."

"என்ன பிளாஸ்டர்?"

அழகையா வாயைத் திறந்தார். வாசலில் நின்ற அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"பீடிய விடுறதுக்கு ஒட்டுறதுங்க. நான்தான் குடுத்தேன். வலிக்குன்னு சொல்லிக் குடுத்தேன்."

ஐயா அவளைப் புரட்டி அதை உரித்தார். அந்த இடத்தைத் தண்ணீரால் கழுவச் சொன்னார். பிறகு அழகையா பக்கம் திரும்பினார். "பீடியே தொடாத பொம்பளைக்கு இத ஒட்டியிருக்க. அதுவும் பிரசர்காரி. நெஞ்சு நின்னு போயிருந்தா என்ன செய்வ?" அழகையா வெளியே மரத்தடியில் சாயங்காலம் வரை குந்தியிருந்தார். தேத்தண்ணி கேட்டு எழுந்து உட்கார்ந்த பெரியாயி ஜன்னல் வழியாக அவரைக் கண்டதும் முதலில் திட்டுகிறதற்குத்தான் குரல் எடுத்தாள்.

"ஆயுசுல ஒரு இழுப்பு இழுக்காதவடா நானு! என்னைய ஒரே நாள்ல ஒரு கட்டுப் பீடி ஊத வெச்சிட்டியேடா பாவி!"

பெண்கள் சிரித்தார்கள். கங்காணியும் சிரித்தார். ஆனால் மருமகள் சிரிக்கவில்லை, அவர் பக்கம் திரும்பவுமில்லை. அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கருவாட்டுக் குழம்பு வாசம் வந்தது. கிண்ணம் வரவில்லை.

புதன்கிழமை மலையில் அவருக்குப் புதுப் பேர் வந்திருந்தது. "பீடிப் பிளாஸ்டரு, இங்க வாங்கண்ணே, எனக்கு ஒன்னு ஒட்டி விடுங்க, தீப்பெட்டி மிச்சம்!" "கால்ல ஒட்டுனா நடந்துக்கிட்டே குடிக்கலாமாண்ணே?" அவர் பயந்த அளவுக்கு அது வலிக்கவில்லை. வலித்தது வேறு. சின்னராசா ஒரு கேலியும் பண்ணவில்லை. வேலை முடிந்து கத்தியைத் துடைக்கும்போது, முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"முப்பது வருசம் ஒரே நெருப்பு. எங்கிட்ட சொல்லியிருந்தா நான் ஒன்னைய கெடுத்துருப்பேன்னு நெனச்சியா மச்சான்?"

பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டான். பதில் இருந்தது, ஆனால் அது அவனுக்குப் பின்னால் ஓடிப்போய்ச் சொல்லுகிற மாதிரிப் பதில் இல்லை.

வியாழக்கிழமை தேத்தண்ணி நேரத்தில் அழகையா மேல் கானுக்குப் போகவில்லை. கீழே இறங்கி வந்து சின்னராசா பக்கத்தில் குந்தினார். சின்னராசா தன் பீடியைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், சட்டைக்குள் பிளாஸ்டர் இருக்கிற கையைப் பார்த்தான்.

"நெருப்பு இருக்கா?" என்றார் அழகையா.

"வேணாம் மச்சான்."

"ஒன்னுதான். குடு."

கொடுத்தான். குனிந்து பற்றவைத்துக்கொண்டார். மூன்றாவது இழுப்பில் தலை சுற்றியது, நாக்கில் சாம்பல் ருசி. பாதிக்கு மேல் முடியவில்லை. ஆனால் அந்தப் பாதி பீடி எரிகிற நேரத்தில் சின்னராசா பேச ஆரம்பித்தான். பெண்சாதிக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கிறது, பதுளை ஆஸ்பத்திரியில் ஓப்பரேசனுக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள், அவள் பயந்து போய்ச் சோறு தின்னாமல் இருக்கிறாள். ஒரு வாரமாக இது நடக்கிறது. ஒரு வாரமாக முப்பதடி தூரத்தில் குந்தியிருந்தும் அழகையாவுக்குத் தெரியாமல் போயிருந்தது. பீடியைக் கல்லில் நசுக்கியபோது அவருக்குக் குவைத் ஞாபகம் வந்தது. நாளைக்கு வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் ஜீவராணிக்குக் கொஞ்சம் கை ஒழியும். லயத்தில் போன் எடுக்காது. கோயிலைத் தாண்டி, தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் ஓரிடத்தில்தான் சிக்னல் வரும். ஒரு அடி தள்ளி நின்றால் போய்விடும். அவர் ஐந்து மணிக்கே போய் நின்றார். மூடுபனி கீழேயிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. ஐந்தரைக்கு முகம் தெரிந்தது. தலையில் முக்காடு, கண்ணுக்குக் கீழே கருவளையம், போன வாரத்தைவிட ஒரு சுற்று இளைத்த மாதிரி.

"மேடம் அக்ரிமென்ட் பேப்பர மேசையில வெச்சிட்டாங்க," என்றாள். "இன்னிக்குச் சொல்லணும். சாப்டீங்களா?"

"ம்."

"இன்னிக்கு பதினஞ்சு நாளு." அவளும் எண்ணியிருக்கிறாள். "குடிச்சீங்களா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். பாதி பீடி அது, முழுசுகூட இல்லை. தைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது! அதற்குள் சுத்தமாக விட்டுவிடலாம், அவள் வந்து இறங்கும்போது சொன்ன பொய் தானாக உண்மையாகி இருக்கும். கடலைத் தாண்டி வாடை தெரியப் போவதில்லை. வாய் அதற்குத் தயாராகவே இருந்தது. தோள்பட்டை வலி என்று சொன்னபோதும் இதே மாதிரித்தான் தயாராக இருந்தது. அந்தப் பேச்சு ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போய், பெரியாயியின் முதுகில் போய் ஒட்டிக்கொண்டது.

"நேத்து," என்றார். "பாதி."

படம் அப்படியே உறைந்து நிற்கிறதோ என்று நினைத்தார். பிறகு அவள் இமை அசைந்தது.

"யாரோட?"

"சின்னராசாவோட."

"பிளாஸ்டர் வேல செய்யலியா?"

"செய்யுது. ஒடம்பு பீடி கேக்கல."

"அப்பறம் ஏன்?"

அழகையா தண்ணீர்த் தாங்கியைப் பார்த்தார். அதன் பக்கவாட்டில் கசிந்த நீர் பாசியாகப் படிந்திருந்தது. பெரியாயி கதையைச் சொல்லலாம், கேலியைச் சொல்லலாம், சின்னராசா சொன்னதைச் சொல்லலாம். எல்லாம் நீளமான கதை.

"பேச ஆளில்ல ராணி," என்றார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு எதையோ சொல்லத் திறந்தது. அந்த நேரம் பார்த்து எங்கோ ஒரு பெண் குரல் அவள் பெயரைப் பாதியாக்கி, "ஜீவா! ஜீவா!" என்று கூப்பிட்டது. ஜீவராணி திரும்பி அரபியில் என்னவோ பதில் சொன்னாள். போனை எதன்மேலோ சாய்த்து வைத்தாள். "இருங்க" என்றாளா, "இருக்கட்டும்" என்றாளா, காற்றில் சரியாகக் கேட்கவில்லை. கதவு திறந்து மூடுகிற சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

போனில் அறை தெரிந்தது. ஏழு வருசமாக அவள் முகத்தைத்தான் காட்டியிருக்கிறாள், அறையை அவர் ஒருநாளும் கண்டதில்லை. ஜன்னல் இல்லாத வெள்ளைச் சுவர். சுவரோடு ஒட்டி ஒரு ஒற்றைக் கட்டில். கட்டில்மேல் பெரிய பயணப் பெட்டி ஒன்று வாயைத் திறந்து கிடந்தது, உள்ளே மடித்த துணிகள். அலுமாரி எங்கேயும் தெரியவில்லை. புறப்படுவதற்காக அடுக்கிய துணியா, இல்லை ஏழு வருசமும் அவள் துணி அந்தப் பெட்டிக்குள்ளேயேதான் இருந்ததா? அவர் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். ஒரு நீலச் சேலையின் ஓரம் பெட்டியின் விளிம்பில் தொங்கி, எங்கிருந்தோ வந்த குளிர்க் காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

மழை பிடித்தது. போன் கண்ணாடியில் ஒரு துளி விழுந்து, படத்திலிருந்த கட்டிலின் மேல் உருண்டு நின்றது. விரலால் துடைத்தால் தொடர்பு அறுந்துவிடுமோ என்று அவர் துடைக்கவில்லை. நின்ற இடத்திலிருந்து காலை எடுக்காமல், முதுகை மழைக்குக் கொடுத்து, போனுக்கு மேலே குனிந்து நின்றார்.